மலையகத்தில் போன் வைத்திருப்பவர்களுக்கு: பேஸ்புக், வாட்ஸ்அப், டிக்டொக்கில் நம் சொந்த விஷயங்களைக் காத்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தோம். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டம். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. படம் பிடிக்க டவுனிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சடங்கு முடிந்தது. செவ்வாய்க்கிழமை வெள்ளன கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். திறந்து பார்த்தால், அந்த ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கத்தில் பிள்ளையின் படங்கள் முப்பத்திரண்டு இருந்தன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் படமே அழைப்பிதழ்தான். அதில் பிள்ளையின் முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், தோட்டம், டிவிஷன், கீழே அக்காவின் போன் நம்பர். அன்று இரவு அக்காவுக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து மூன்று கோல் வந்தது. மூன்றாவது கோலில் பேசியவன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

ஸ்டூடியோவுக்குப் போன் செய்தோம். "விளம்பரத்துக்கு எல்லாருடைய படமும் போடுறதுதானே, இதுவரைக்கும் யாரும் ஒன்றும் சொன்னதில்லையே" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார். அதற்குள் யாரோ ஒருவர் ஒரு படத்தை எடுத்துப் பாட்டுப் போட்டு டிக்டொக்கில் விட்டிருந்தார்.

அந்த வாரம்தான் வீட்டில் எல்லோருடைய போனையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதன் பிறகு எங்கள் டிவிஷனில் கேட்டவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். எந்த வரிசையில் செய்தால் நமக்குச் சரிவருகிறது என்று பழகிப் பழகித்தான் தெரிந்தது. அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் சிலர் கேட்பார்கள், நமக்கு எதற்கு இதெல்லாம் என்று. ஒரு காம்பராவில் (லயத்து வீட்டில்) கருவாடு பொரித்தால் பத்துக் காம்பராவுக்கும் தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதெல்லாம் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போவதற்குள் பரவிவிடும். உண்மைதான். ஆனால் நம்மைப் பற்றித் தெரிந்த அந்தப் பத்து வீட்டையும் நமக்குத் தெரியும். ஏதாவது அதிகம் பேசினால் வீட்டு முன் இஸ்தோப்பில் நின்று கேட்கலாம். பேஸ்புக்கில் அக்கா மகளின் படத்தைப் பார்த்தவன் யார், எந்த ஊர் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

முதல் வேலை: கணக்கு உண்மையில் யார் கையில் இருக்கிறது?

வழிகாட்டிகள் பலவும் செட்டிங்ஸிலிருந்துதான் தொடங்கும். நம் ஊரில் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நம்மில் நிறையப் பேருடைய பேஸ்புக் கணக்கையும் கூகுள் கணக்கையும் திறந்து கொடுத்தது டவுனில் இருக்கும் கொமினிகேஷன் கடை. புதுப் போன் வாங்கும்போது கடைத்தம்பியே ஜிமெயில் போட்டு, பாஸ்வேர்ட் போட்டு, "எல்லாம் ரெடி அக்கா" என்று கொடுத்துவிடுவார். பாஸ்வேர்ட் என்னவென்று நமக்கே தெரியாது. சில நேரம் கடையின் நம்பரோ மெயிலோதான் மீட்பு வழியாகப் பதிவாகி இருக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடை கைமாறும், வேலை செய்யும் பையன் மாறுவான், பாஸ்வேர்ட் எழுதிய கொப்பி மேசையிலேயே கிடக்கும்.

முதலில் கூகுள் கணக்கைச் சரி செய்யுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளுக்கெல்லாம் பெரும்பாலும் சாவி அதுதான். போனின் செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் தட்டி, உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், செக்யூரிட்டி பகுதியைத் திறங்கள். மீட்பு நம்பர், மீட்பு மெயில் என்று இரண்டு இருக்கும். அவை உங்களுடையவைதானா என்று பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். அதே பக்கத்தில் உங்கள் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். தெரியாத போன் இருந்தால் அதிலிருந்து வெளியேற்றுங்கள். கடைசியாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அப்புறம் பேஸ்புக். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் சென்டர் என்று இருக்கும். அதில் சொந்த விவரங்கள் பகுதியில் எந்த நம்பரும் எந்த மெயிலும் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். பாஸ்வேர்ட், பாதுகாப்பு என்ற பகுதியில் எங்கெல்லாம் லொகின் ஆகியிருக்கிறது என்று காட்டும். எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் ஒருவருக்கு அதில் ஏழு போன்கள் வந்தன. அதில் இரண்டு அவர் விற்றுவிட்ட பழைய போன்கள்.

சிம்மும் முக்கியம். பாவிக்காமல் விட்ட நம்பரைக் கம்பெனி கொஞ்ச நாளில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். அந்தப் பழைய நம்பர் உங்கள் பேஸ்புக்கில் இன்னும் இருந்தால், புதிதாக வாங்கியவருக்கு மீட்புக் குறியீடு போகும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வரும் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, போகும்போது இங்குள்ள சிம் செத்துவிடும். நம்பரை மாற்றும் அன்றைக்கே கணக்கிலும் மாற்றிவிடுங்கள். சிம் வேறு ஒருவர் பெயரில் இருந்தால், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கம்பெனிக் கிளைக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேலை: பூட்டு

பாஸ்வேர்டில் பிறந்த வருஷமும் பிள்ளையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். இவை மூன்றும் நம்மைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து எழுதுங்கள். கூடை, மழை, ரொட்டி, பத்துமணி என்பது போல. நீளமாக இருக்கும், ஞாபகத்திலும் நிற்கும். கூகுளுக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு வேறொன்று வையுங்கள்.

அதற்கு மேல் இரண்டாவது பூட்டாக இரட்டைச் சரிபார்ப்பைப் போட வேண்டும். பாஸ்வேர்ட் தெரிந்தாலும் இன்னொரு குறியீடு இல்லாமல் உள்ளே வர முடியாது. எஸ்.எம்.எஸ்ஸில் குறியீடு வரும்படி வைக்கத்தான் பலரும் சொல்வார்கள். நம் பக்கத்தில் அதில் ஒரு சிக்கல் உண்டு. மழை பிடித்தால், மின்சாரம் போனால் சிக்னல் போய்விடும். பாறை மேல் ஏறி நின்றால்தான் எஸ்.எம்.எஸ் வரும். அதனால் கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அது போனுக்குள்ளேயே முப்பது விநாடிக்கு ஒருமுறை புதுக் குறியீடு காட்டும். சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

போன் தொலைந்தால்? அதற்குத்தான் மீட்புக் குறியீடுகள். கூகுளும் பேஸ்புக்கும் பத்துக் குறியீடுகள் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதே போனில் வைத்தால் பிரயோசனமில்லை. கையால் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழும் ஈ.பி.எஃப் கடுதாசியும் வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வேலை: போன் கை மாறும் இடங்கள்

ஒரு காம்பராவில் ஒரு நல்ல போன்தான் இருக்கும். அம்மா வாட்ஸ்அப் கோலில் வெளிநாட்டிலிருக்கும் மகளோடு பேசுவாள், மகன் விளையாடுவான், மகள் படிப்பாள். 2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்ததால்தான் பல வீடுகளில் பிள்ளைகள் கைக்குப் போன் போனது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே போனைப் பலர் பாவிக்கும்போது சில ஏற்பாடுகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு உரையாடலை மட்டும் தனியாகப் பூட்டலாம். அந்த உரையாடலின் மேலே பெயரைத் தட்டினால் சட் லொக் என்று இருக்கும். அன்ட்ரொயிட் போன்களில் ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு நம்பர் வைக்கும் வசதி 2023 கடைசியிலிருந்து இருக்கிறது. அம்மாவுக்கும் மகளுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

போன் உடைந்து ரிப்பேருக்குக் கொடுக்கும்போது கவனம். போனைத் திறக்கும் பாட்டர்னைத் தாளில் எழுதிப் போனின் பின்னால் ஒட்டிக் கொடுக்கிறோம். இரண்டு நாள் கடையில் கிடக்கும் போனில் நம் வீட்டுப் படம் எல்லாம் இருக்கும். சாம்சங் போனாக இருந்தால் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் பட்டரி, டிவைஸ் கெயார் பகுதியில் பாருங்கள். அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரரால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் படங்களையும் மெசேஜ்களையும் பார்க்க முடியாது. புதிய மொடல்களில்தான் இருக்கும். இல்லாதவர்கள், திரை வேலை செய்தால், படங்களை வேறு இடத்துக்கு மாற்றி, பேஸ்புக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் கண்முன்னாலேயே செய்து தரும் கடையாகப் பார்த்து அங்கேயே உட்காருங்கள்.

போனை விற்பதென்றால், கூகுள் கணக்கை எடுத்துவிட்டு ஃபெக்டரி ரீசெட் (போனில் உள்ளதையெல்லாம் அழிப்பது) செய்யாமல் கொடுக்காதீர்கள்.

நாலாவது வேலை: பேஸ்புக்கில் யார் பார்க்கலாம்

இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். செட்டிங்ஸ் தமிழிலும் வைக்கலாம், "அமைப்புகள்", "தனியுரிமை" என்று வரும். எது பழக்கமோ அதில் செய்யுங்கள்.

உங்கள் ப்ரொபைலுக்குப் போய் மூன்று புள்ளியைத் தட்டினால் ப்ரொபைலைப் பூட்டும் வசதி இருக்கும். அதைத் தட்டினாலே பாதி வேலை முடிந்தது. நண்பர் பட்டியலில் இல்லாதவர்களுக்கு உங்கள் பதிவும் படமும் தெரியாது, ப்ரொபைல் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. பெண் பிள்ளைகள் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

பூட்டியதோடு விட்டுவிடக் கூடாது. மனிதர்கள் உங்களை எப்படித் தேடிப் பிடிக்கலாம் என்ற பகுதியைத் திறங்கள். போன் நம்பரை வைத்து உங்களைத் தேடக்கூடியவர் யார் என்ற கேள்விக்கு "ஒன்லி மீ" (எனக்கு மட்டும்) என்று வையுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 533 மில்லியன் பேஸ்புக் கணக்குகளின் போன் நம்பர்களும் பெயர்களும் இணையத்தில் சும்மா கிடைத்தன. நம்பரைப் போட்டு நண்பர்களைத் தேடும் வசதியைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். அந்த ஓட்டையை 2019லேயே அடைத்துவிட்டதாக பேஸ்புக் சொன்னது. ஆனால் வெளியே போன நம்பர் போனதுதான்.

அதே பகுதியில் நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்று இருக்கும். அதையும் "ஒன்லி மீ" ஆக்குங்கள். உங்கள் படத்தை எடுத்துப் போலிக் கணக்குத் திறப்பவன் அடுத்ததாகச் செய்வது, உங்கள் நண்பர்களுக்கெல்லாம் ரிக்குவெஸ்ட் அனுப்பி "அவசரமா கொஞ்சம் காசு போடு" என்று கேட்பதுதான். பட்டியல் தெரியாவிட்டால் அவனுக்கு யாரைக் கேட்பது என்று தெரியாது.

பழைய பதிவுகளை ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற ஒரு வழி இருக்கிறது, பதிவுகள் பகுதியில் பாருங்கள். 2014, 2015இல் ஆசை ஆசையாகப் பொதுவில் போட்டதெல்லாம் அப்படியே கிடக்கும். மற்றவர்கள் தங்கள் பதிவிலோ படத்திலோ உங்கள் பெயரை இணைப்பதை, அதாவது டெக் செய்வதை, உங்கள் அனுமதிக்குப் பிறகே காட்டும்படியும் வையுங்கள். ப்ரொபைலில் பிறந்த வருஷம், போன் நம்பர், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். பிறந்தநாள் வாழ்த்து வேண்டுமென்றால் நாளும் மாதமும் போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகு "வியூ ஏஸ்" என்பதைத் தட்டினால் வெளியாள் உங்கள் பக்கத்தைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டும். அதைப் பார்க்காமல் எழும்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் எந்தப் பூட்டுக்கும் அடங்காது. பொதுப் பக்கங்களின் கீழ் நாம் போடும் கமென்ட். வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பாருங்கள், "வேலை வேணும்" என்று எழுதி நம் பிள்ளைகள் கீழே வரிசையாக போன் நம்பரும் ஊரும் வயதும் போட்டிருப்பார்கள். உங்கள் ப்ரொபைல் பூட்டியிருந்தாலும் அந்தக் கமென்ட்டை எல்லோரும் படிக்கலாம். கொழும்புக்கு வேலைக்கு ஆள் பிடிப்பவர்களும், வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று காசு பறிப்பவர்களும் நம்பர் எடுக்கும் இடம் அதுதான். விளம்பரம் போட்டவரின் நம்பரை நீங்கள் எடுங்கள், நீங்கள் கூப்பிடுங்கள். பழைய கமென்ட்டுகளைத் தேடி அழியுங்கள்.

ஐந்தாவது வேலை: வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் நமக்கு வீட்டுக்குள் இருக்கும் பொருள் மாதிரி. அதனால்தான் கவனம் குறைகிறது. முதலில் செட்டிங்ஸில் கணக்குப் பகுதிக்குப் போய் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஆறு இலக்க பின் ஒன்று கேட்கும், மீட்பு மெயிலும் கேட்கும். இரண்டையும் கொடுங்கள்.

இது எதற்கு? மாமா முறையான ஒருவருடைய நம்பரிலிருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். "தெரியாம உன் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன், அந்த ஆறு நம்பரைக் கொஞ்சம் அனுப்பு" என்று இருக்கும். அந்த மெசேஜை எழுதுவது மாமா இல்லை. அவருடைய கணக்கைப் பிடித்த திருடன். அந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப்பும் அவன் கைக்குப் போய்விடும். பின் போட்டிருந்தால் கோட் கிடைத்தாலும் அவனால் உடனே உள்ளே வர முடியாது. கணக்குப் போய்விட்டால் தாமதிக்காமல் உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போட்டுப் புதிய கோடைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவன் வெளியே போய்விடுவான். உறவுகளுக்கு வேறு போனிலிருந்து சொல்லி, காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று எச்சரியுங்கள்.

"லிங்க்ட் டிவைசஸ்" (இணைத்த சாதனங்கள்) என்பதை மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். உங்கள் போன் திறந்த நிலையில் ஒரு நிமிஷம் ஒருவர் கையில் இருந்தால் போதும், ஒரு கியூ.ஆர் குறியீட்டைக் காட்டி உங்கள் மெசேஜ்களையெல்லாம் தன்னுடைய கணினியில் படிக்கும்படி செய்துவிடலாம். நாலு சாதனங்கள் வரை இணைக்க முடியும். வெளியாள் செய்வதைவிட வீட்டுக்குள் இருப்பவர்களும் பழகுபவர்களும் செய்வதுதான் அதிகம். பெயர் தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள். யார் செய்தது என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பயப்படும்படியான ஆளாக இருந்தால் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

பிரைவசிப் பகுதியில் ப்ரொபைல் படம், லாஸ்ட் சீன் (கடைசியாக எப்போது வந்தீர்கள் என்பது), ஸ்டேட்டஸ் மூன்றையும் "மை கொன்டக்ட்ஸ்" (போனில் பதிந்து வைத்தவர்கள்) என்று வையுங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே வையுங்கள். தோட்டத்துக் குரூப், கோயில் திருவிழாக் குரூப், பழைய மாணவர் குரூப் என்று நாம் பத்துக் குரூப்பில் இருப்போம். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம், சேர்ந்த அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். தெரியாத நம்பரிலிருந்து வரும் கோல் சத்தமில்லாமல் போகும்படி வைக்கும் வசதியும் இதே இடத்தில் இருக்கிறது. அக்காவின் போனில் அந்த இரவே அதைப் போட்டோம்.

டிக்டொக்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கணக்கைப் பிரைவேட் ஆக்குங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகவும் மெசேஜ் வராதபடியும் இருக்கும், ஆனால் பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்துவிடுகிறார்கள். பிறந்த வருஷம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கை மற்றவர்களுக்குக் காட்டுவது என்ற பகுதியில் கொன்டக்ட்ஸ் மூலம் காட்டுவதை நிறுத்துங்கள். வீடியோவை டவுன்லோட் செய்யும் அனுமதியையும் நிறுத்துங்கள்.

படத்துக்குள் இருப்பது

செட்டிங்ஸெல்லாம் சரியாக வைத்த பிறகும் நாமே போடும் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். தெரிந்த ஒரு பிள்ளை தேயிலைக்கு நடுவில் நின்று எடுத்த ஒரு வீடியோவை ஒருநாள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பின்னால் தோட்டத்தின் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஃபெக்டரிப் புகைக்கூண்டு. அவள் போட்டிருந்த பாடசாலைச் சட்டையில் பெட்ஜ். இரண்டாவது வீடியோவில் லயத்தின் இஸ்தோப்பு, சுவரில் வீட்டு இலக்கம். எல்லாவற்றையும் சேர்த்தால் அவள் வீட்டு வாசலுக்கு வழி கேட்காமலே போகலாம். அவள் ஒரு இடத்திலும் தன் ஊரை எழுதவில்லை. படம் போடும் முன் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

அடையாள அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புது அட்டை கிடைத்த சந்தோஷத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் அதை ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். 2016லிருந்து வரும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நாலு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூன்று வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1996572 என்று ஒரு எண் தொடங்கினால், அது 1996ஆம் வருஷத்தின் 72ஆவது நாளில், அதாவது மார்ச் 12இல் பிறந்த ஒரு பெண்ணின் எண். பெயரை மறைத்து எண்ணை மட்டும் விட்டாலும் வயதும் பிறந்தநாளும் வெளியே போய்விட்டன. சிம் எடுக்க, வங்கிக் கணக்குக்கு, கடன் எடுக்க எல்லாவற்றுக்கும் இந்த எண்தான். யாருக்காவது பிரதி அனுப்பியே ஆக வேண்டுமென்றால் பிரதியின் மேல் குறுக்கே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்றும் திகதியும் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். அனுப்பியதும் உங்கள் பக்கத்தில் அழியுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு மனவருத்தம் தரும் ஒரு விஷயம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைச்சரிவுகள் விழுந்தபோது நல்ல மனசோடு உதவ வந்தவர்கள் எத்தனையோ பேர். நிவாரணப் பட்டியல்கள் நான் இருந்த குரூப்புகளில் அப்படியே வந்தன. குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை எண், போன், எத்தனை பெண் பிள்ளைகள், எந்த முகாம் என்று எல்லாம் அதில் இருந்தன. பட்டியல் எடுப்பவர்கள் தயவுசெய்து அதைக் குரூப்பில் போடாதீர்கள். பொருள் கொடுப்பவருக்குத் தொகையும் இடமும் தெரிந்தால் போதும், பெயர்ப் பட்டியல் ஒருவர் கையில் இருக்கட்டும். அதே மாதிரி அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிக் காசு, நிவாரணக் காசு என்று லிங்க் வந்து அடையாள அட்டை எண்ணும் வங்கி எண்ணும் கேட்டால் அதில் எழுத வேண்டாம். சந்தேகம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் நேராகக் கேளுங்கள்.

பரீட்சை முடிவுகளும் அப்படித்தான். புலமைப்பரிசிலில் பிள்ளை பாஸானால் ஊரே சந்தோஷப்படும், போடத்தான் வேண்டும். சுட்டெண்ணையும் பாடசாலைப் பெயரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

நானுஓயாவிலிருந்து எல்ல வரைக்கும் ரயிலில் வருபவர்கள் கொழுந்து பறிக்கும் நம் அம்மாமாரைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படங்கு கட்டிக்கொண்டு மழையில் நிற்கும்போது முகத்துக்கு நேராகக் கெமராவைப் பிடிப்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. கையை உயர்த்திக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

பிள்ளைகளின் படமும் சடங்கு வீடும்

ஸ்டூடியோவோடு பேசும்போது விலை, அல்பம், வீடியோ எல்லாம் பேசுகிறோம். அதோடு இன்னொன்றையும் பேசுங்கள். "எங்க பிள்ளையோட படம் உங்க பேஸ்புக்கிலயும் டிக்டொக்கிலயும் போகக் கூடாது, அழைப்பிதழும் போகக் கூடாது" என்று சொல்லி, முற்பணத்துக்குத் தரும் பில்லிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் எந்த விசேஷத்துக்கும் அப்படித்தான் செய்கிறோம். ஒருவரும் மறுக்கவில்லை, கேட்டால் எழுதித் தருகிறார்கள்.

அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் போன் நம்பர் இல்லாத ஒரு பிரதியை அனுப்பலாம். சாதாரணமாகச் சொந்தக்காரர்களிடம் நம்பர் இருக்கும்தானே. வந்த விருந்தாளிகளிடம் சொல்வதுதான் கஷ்டம். பந்தியில் வைத்துச் சொல்ல முடியாது. நாங்கள் பெரியம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னோம்: "எல்லாரும் எடுங்க, ஆனா ஃபேஸ்புக்ல போடாதீங்க, பிள்ளைக்கு வெட்கமா இருக்கு." அது வேலை செய்தது.

பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அக்கா மகளிடம் யாரும் கேட்கவில்லை. படங்கள் வெளியே போன பிறகு ஒரு வாரம் அவள் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்றாள்.

ஏற்கெனவே நடந்துவிட்டால்

உங்கள் படத்தை வைத்து யாராவது மிரட்டினால், போலிக் கணக்குத் திறந்தால், அந்தரங்கப் படம் வெளியே போனால், முதலில் எதையும் அழிக்காதீர்கள். பதறி உரையாடலை அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். அந்தக் கணக்கின் பெயர், ப்ரொபைல் லிங்க், மெசேஜ், திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவருடைய போனிலும் வையுங்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம்தான் மறுபடியும் கேட்பார்கள்.

அப்புறம் அந்த ஆப்பிலேயே ரிப்போட் செய்யுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ரிப்போட் செய்ய வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சரியான காரணத்தைத் தெரிந்தெடுத்து, பாதிக்கப்பட்டவரே செய்யும் ரிப்போட்தான் முக்கியம்.

அந்தரங்கப் படம் என்றால் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ என்ற இணையத்தளம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்திலிருந்து ஒரு கைரேகை மாதிரியான எண் மட்டும் உருவாகிப் போகும். அதை வைத்து பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்றவை அதே படத்தை அடையாளம் கண்டு தடுக்கின்றன. பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு இதே முறையில் டேக் இட் டவுன் என்ற சேவை 2023இல் வந்தது.

இலங்கைக்குள் கூப்பிட வேண்டிய நம்பர்கள்: இணையப் பிரச்சினைகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனம் 101, பிள்ளைகள் சம்பந்தமானால் 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938, உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. இணையத்தில் இப்படி மாட்டிக்கொண்ட பெண்களுக்கு ஆலோசனை சொல்ல ஹிதவதி என்ற சேவையும் இருக்கிறது, அதன் தளம் தமிழிலும் உண்டு. இன்னொருவருடைய கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அதனால் பொலிஸில் "ஃபேஸ்புக் சண்டையெல்லாம் இங்க கொண்டு வராதீங்க" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம், டீச்சரையோ விவரம் தெரிந்த ஒரு அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டில் பிள்ளை வந்து இப்படி ஒன்று நடந்துவிட்டது என்று சொன்னால், ஏன் படம் அனுப்பினாய் என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள். போனைப் பறிக்காதீர்கள், சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார வைத்து, "சொன்னது நல்லது, இனி நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலேயே போனைக் கொடுத்து முதல் ஸ்கிரீன்ஷொட்டை எடுக்கச் சொல்லுங்கள்.